மூன்று வெட்டு முளை

செருப்புத் தடங்கள் எல்லாமே மூன்று வெட்டு முளைக்கம்புக்குப் பக்கத்தில் வந்ததும் இடதுபக்கம் திரும்பியிருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

முன்நடைக்காரி முதுகுக் கூடையை இறக்காமலே குனிந்து எண்ணினாள். முந்தாநாள் இரண்டு பேர். நேற்று மூன்று பேர். இன்றைக்கு ஐந்து பேருடைய தடம். அதில் ஒன்று சின்னது, உள்ளங்கை நீளம்தான் இருக்கும்.

அந்தச் சேற்று வெளியில் எல்லா இடத்திலும் தடம் நிற்காது. கரையோரம் சேறு கூழ் மாதிரி இருக்கும். காலை எடுத்ததும் பள்ளம் மூடிக்கொள்ளும். மூன்று வெட்டு முளையைச் சுற்றி மட்டும் களிமண். அங்கே பதிந்த தடத்தின் மேல் கடல் ஏறி இறங்கினாலும், ஓரம் மழுங்குமே தவிர அழியாது. அதனால் முதல் நாள் சாயங்காலம் யார் வந்துபோனார்கள் என்பதை மறுநாள் காலையில் அங்கே படித்துவிடலாம். மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்கள் காலையில் தண்ணீர் இறங்கும்போது மட்டும்தான் போவார்கள். சாயங்கால இறக்கத்தைத் தொட மாட்டார்கள். வெளிச்சம் போய்விட்டால் தண்ணீர் எங்கே ஏறுகிறது என்று தெரியாது. அவர்கள் செருப்பும் போடுவதில்லை. வெறுங்காலின் விரல்கள் சேற்றைப் பிடிக்கும். செருப்பு போட்டால் சேறு நம்மைப் பிடிக்கும்.

ஆக, இவை வெளியாட்களின் தடங்கள். அதில் அதிசயமில்லை. வழி தெரியாதவன் கால் போன போக்கில் போவான், நின்று பார்ப்பான், வந்த வழியே திரும்புவான். இந்தத் தடங்கள் அப்படி இல்லை. ஒரு வெட்டு முளைக்கு வந்து, அங்கிருந்து இரண்டு வெட்டுக்கு வந்து, மூன்று வெட்டில் கொஞ்சம் நின்று, சொல்லி வைத்தாற்போல் இடப்பக்கம் திரும்பியிருந்தன. போன வருஷப் புயலுக்கு முன்னால் அதுதான் சரியான வழி. இப்போது அந்தப் பக்கம் போனால் திரும்பி வருவது சந்தேகம்; இவர்கள் எப்படியோ திரும்பியிருந்தார்கள்.

பழைய வழியை இவர்களுக்கு யார் சொன்னது?

பின்னால் பதினான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் வாய்க்காரி என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், தடத்தைப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே சொல்வதுபோல எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்: "வழி நமக்குள்ளதான் இருக்கு. காத்துல பறந்தா போகும்? யாரோ ஒருத்தங்க வீட்டுல இருந்துதான் போயிருக்கு."

யார் வீடு என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. வழியைச் சொல்கிற பாட்டு இருப்பது முன்நடை வீட்டில்.

முன்நடை என்பது ஒரு வேலை. வரிசையில் முதல் ஆளாக நடப்பது. கரையிலிருந்து மட்டித் திட்டுக்கு முக்கால் மணி நேர நடை. வழியில் ஏழு முளைகள். முளை என்று அவர்கள் சொல்வது இடுப்பளவு வெளியே தெரிகிற மரக்கம்பு. ஒன்றிலிருந்து ஏழு வரை வெட்டு போட்டிருக்கும். ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியாது. சேற்று வெளி தூரத்திலிருந்து தட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே மேடும் பள்ளமுமாக இருக்கும். கம்புகளும் பாசி படிந்து சேற்றின் நிறத்துக்கு வந்திருக்கும். ஒரு முளையில் நின்றால் அடுத்த முளைக்கு எந்தப் பக்கம், எத்தனை காலடி என்று சொல்வது பாட்டு. முன்நடைக்காரி ஒரு அடி பாடுவாள், வரிசை அதைத் திருப்பிப் பாடும். தாளத்துக்கு ஏற்பக் கால் போகும். காலடியை யாரும் தனியாக எண்ண வேண்டாம். பாட்டு முடிகிற இடத்தில் முளை இருக்கும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. பாட்டு மாறிக்கொண்டே இருக்கும். சேற்று வெளியின் நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. கடல் ஏறும்போது தண்ணீர் முன்னாலிருந்து வருவதில்லை. முதலில் இந்த ஓடைக்குள் புகுந்து, நமக்குப் பின்னால் நிரம்பும். முன்னால் மணல் திட்டு காய்ந்து பளபளவென்று கிடக்கும், நாமும் நிம்மதியாக நிற்போம். கரைக்கும் நமக்கும் இடையே தண்ணீர் இடுப்பளவு வந்திருக்கும். ஆகவே எந்த இறக்கத்திலும் ஓடை எங்கே இருக்கிறது என்பதுதான் உயிர். அந்த ஓடையோ ஒவ்வொரு புயலுக்கும் இடம் மாறும். மாறினால் மறுநாளே முன்நடைக்காரியும் அவள் புருஷனும் நடந்து பார்த்து, முளைகளை மாற்றி நட்டு, பாட்டில் அந்த அடியை மாற்றிக் கட்டிவிடுவார்கள். அன்று காலை கரையில் எல்லோரும் புது அடியை மூன்று தரம் பாடிவிட்டுத்தான் இறங்குவார்கள். பழக்க தோஷத்தில் பழைய அடியைப் பாடியவள் அன்றைக்கு இரண்டு கூடை சுமக்க வேண்டும். ஒரே வாரத்தில் பழைய அடி எல்லோர் நாவிலிருந்தும் போய்விடும். அதை யாரும் எழுதி வைத்ததில்லை. செத்த அடியை எதற்கு வைத்துக்கொள்வது?

போன வருஷப் புயல் ஓடையை இடப்பக்கம் தள்ளிவிட்டது. "மூணு வெட்டில் இடக்கைப் பக்கம்" என்று இருந்த அடி "மூணு வெட்டில் வலக்கைப் பக்கம்" என்று ஆயிற்று. இடப்பக்கத்தை இனி யாரும் பாடுவதில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மட்டி தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது கூப்பாடு கேட்டது. மெல்லிய குரல், காற்று தூக்கிக்கொண்டு வந்து போட்டது. அவள் புருஷன், பலகைக்காரர், ஏற்கெனவே எழுந்து நின்று நெற்றியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றுப் பலகை செய்வது அவர் தொழில். முன் நுனி மேலே வளைந்த நீளப் பலகை. ஒரு முழங்காலை அதில் ஊன்றி மறுகாலால் சேற்றை உந்தினால் வழுக்கிக்கொண்டு போகும். ஆளின் கனம் பலகை முழுக்கப் பரவிவிடுவதால் சேறு அமுங்காது.

"இடதுபக்கத் திட்டு. ரெண்டு தலை தெரியுது. ஓடை ரொம்புறதுக்குள்ள போவணும்" என்றார்.

அவள் பலகையில் போனாள், அவர் பலகையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கரையில் நின்றார். தண்ணீர் அவளுக்கு மார்பளவு வந்துவிட்டிருந்தது, இழுப்பும் இருந்தது. பலகையைத் தெப்பம் மாதிரி தள்ளிக்கொண்டு போய், திட்டில் நின்ற இரண்டு பேரில் முதலில் பெண்ணைக் குப்புறப் படுக்க வைத்து இழுத்து வந்தாள், அப்புறம் அவள் புருஷனை. கரைக்கு வந்ததும் அந்த மனிதன் மண்ணில் உட்கார்ந்து போனைத் துடைத்துக்கொண்டிருந்தான். பலகைக்காரர் கோபத்தை அடக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் போகச் சொன்னது யார் என்று கேட்டார்.

"இதோ இதுதான். பாட்டுல சொன்னபடி ஒரு அடி பிசகாமத்தான் வந்தோம்" என்றான் அவன். திரையைத் தட்டினான்.

ஈரம் புகுந்த போனிலிருந்து கரகரத்த குரல் எழுந்தது. ஒரு வெட்டில் மூச்சை வாங்கு. இரண்டு வெட்டில் இடுப்பைக் கட்டு. மூணு வெட்டில் இடக்கைப் பக்கம். பாட்டு முடிந்ததும் வேறொரு மென்மையான குரல் சொன்னது: இது பல நூற்றாண்டுகளாக மட்டி சேகரிப்போர் நம்பி நடந்த தொன்மையான வழி.

பாடிய குரல் அவளுடையது.

நாத்தனார் ஜெராக்ஸ் கடை முடிந்து வந்தபோது வீட்டில் யாரும் விளக்குகூடப் போடவில்லை. அவள் பலகைக்காரரின் தங்கை. புருஷன் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். கடையில் பிரதி எடுப்பதோடு ஊர்க்காரர்களின் விண்ணப்பங்களை எல்லாம் நிரப்பிக் கொடுப்பதும் அவள்தான். அண்ணிக்கும் அவளுக்கும் ஒரு நாளில் பத்து வாக்குவாதம் இல்லாமல் பொழுது போகாது. நடந்ததைக் கேட்டதும் அவள் தன் போனை எடுத்து எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் அந்த உதவிச் செயலியில் கேள்வி கேட்டாள்: மட்டித் திட்டுக்கு எப்படிப் போவது? அதே பாட்டு வந்தது. இதை எங்கே படித்தாய் என்று கேட்டாள். நாட்டுப்பாட்டுகளைச் சேர்த்து வைக்கும் ஒரு பதிவு மையத்தின் இணையப் பக்கத்தைக் காட்டியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மையத்திலிருந்து ஒரு பெண்ணும் ஒரு பையனும் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். மூன்று நாள் கூடவே சேற்றில் நடந்தார்கள், விழுந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். பாட்டெல்லாம் அழிந்துவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை. போகும்போது ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் மூன்று கட்டங்கள். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கேட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். ஊராருக்கு மட்டும். நாத்தனார்தான் கடையில் வைத்து வாசித்துக் காட்டினாள். இரண்டாவதும் மூன்றாவதும் கஞ்சத்தனமாகப் படுகிறது என்று முன்நடைக்காரி முதல் கட்டத்தில் குறி போட்டாள்.

"கடையில கூட்டம் அன்னைக்கி" என்றாள் நாத்தனார் இப்போது. "ஒழுங்கா உக்காந்து வெளக்கியிருக்கணும் அண்ணி. நானும் சரி சரின்னு விட்டுட்டேன்."

"நீ வெளக்கியிருந்தாலும் நான் அதைத்தான் போட்டிருப்பேன். பாட்டைப் பூட்டி வைக்கவா முடியும்."

மையத்தின் பக்கத்தில் பாட்டுக்குக் கீழே ஒரு பட்டியல் இருந்தது. பாடியவர், இடம், நீளம். காலம் என்ற இடத்தில் 'தொன்மையானது, தலைமுறைகளாக வழங்குவது' என்று போட்டிருந்தது. நாத்தனார் அதை வாசித்ததும் முன்நடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண் பிள்ளை, இது எந்தக் காலத்துப் பாட்டு அக்கா என்று கேட்டாள். இவள் சிரித்தாள். பாட்டுக்கு ஏதும்மா தேதி, எங்க மாமியாருக்கு மாமியார் பாடினது என்றாள். பொய்யில்லை. ஆனால் பதிவு செய்தபோது 'இடக்கைப் பக்கம்' என்ற அடிக்கு வயது நான்கு மாதம். பாட்டு பழசு, அடி புதுசு. அவர்களுக்குள் இது சொல்லாமலே தெரியும். வெளியாளுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அதான் தப்பு நடந்த எடம்" என்றாள் நாத்தனார். "பழசுன்னு எழுதிட்டா அது மாறாததுன்னு அர்த்தமாயிடுது. மெஷின் அதை அப்படியே நம்பிருச்சு."

பலகைக்காரர், அப்படியானால் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்றார். நாத்தனார் அன்றே எழுதினாள். பதிவு செய்த பெண்ணே பதறிப்போய் பதில் போட்டாள்; நான்கு நாளில் பாட்டு பக்கத்திலிருந்து இறங்கியது. ஐந்தாம் நாள் நாத்தனார் போனில் கேட்டாள். பாட்டு வந்தது. அதே குரல், அதே இடக்கை.

"எடுத்தாச்சுன்னியே" என்றார் அவள் அண்ணன்.

அவள் அடுப்பில் இருந்த அண்டாவைக் காட்டினாள். மட்டி வெந்துகொண்டிருந்தது. "அம்பது வீட்டு மட்டியை ஒரே அண்டாவுல கொட்டி வேகவச்சாச்சுண்ணே. இப்ப நம்ம கூடையைத் திருப்பி எடுத்துட்டோம். சாறு உள்ளதானே இருக்கு. அந்த மெஷின் பாட்டைப் பெட்டியில வச்சு எடுத்துக் குடுக்கல. லட்சம் பேரு சொன்னதையும் குடிச்சு வச்சிருக்கு, அதுலேர்ந்து பேசுது. பத்தாததுக்கு நம்ம பாட்டை நூறு பேரு அவங்கவங்க பக்கத்துல எடுத்துப் போட்டிருக்காங்க."

செயலி நடத்துகிறவர்களுக்கும் எழுதினாள். புகாரைப் பெற்றுக்கொண்டோம், அடுத்த புதுப்பிப்பில் பரிசீலிப்போம் என்று வந்தது. எப்போது என்று இல்லை.

முன்நடைக்காரி ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: ஏழு வெட்டுக்கு அப்புறம் எங்கே போவது? ஏழுக்கு அப்புறம் எதுவும் இல்லை. திட்டும் கடலும்தான். போன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவள் குரலில், அவள் ராகத்தில், எட்டு வெட்டில் நேரே கடலைப் பார்த்து நூறு அடி என்று பாடியது.

அவள் அதுவரை கையில் வைத்திருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் பாடாததையும் பாடுதே."

"தெரியாதுன்னு சொல்ல அதுக்குப் பழக்கமில்ல அண்ணி. அதுவரைக்கும் வந்த மாதிரியே அடுத்ததைக் கட்டிப் போட்டுடும். கேக்குறவங்களுக்கு எது பாட்டு எது கட்டினதுன்னு தெரியாது."

அந்த வருஷத்தின் பெரிய இறக்கத்துக்கு அப்போது பத்து நாள் இருந்தது. பௌர்ணமியும் கடலின் கணக்கும் ஒத்துவருகிற ஒரு நாளில், தண்ணீர் வேறெந்த நாளையும்விட வெகுதூரம் உள்வாங்கும். அன்றைக்கு வெளி முழுவதும் அரை மணி நேரம் கண்ணாடி மாதிரி கிடக்கும். எவ்வளவு தூரம் போகிறதோ அதே வேகத்தில் திரும்பியும் வரும். நாத்தனார் கடைக்கு வந்தவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பயணப் பக்கங்களில் எல்லாம் படம் போட்டு, தொன்மையான வழியில் நடந்து பாருங்கள் என்று எழுதியிருந்தது. வழிக்கு முன்நடைக்காரியின் பாட்டு.

பலகைக்காரர் ஒரு பலகையில் சிவப்பு எழுத்தில் அபாயம் என்று எழுதிக் கரையில் நட்டார். மறுநாள் இரண்டு பேர் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனதை அவரே பார்த்தார். கரையோர அலுவலகத்துக்கும் போனார்கள். கடலுக்குக் கதவு போட முடியுமா என்று அந்த அதிகாரி கேட்டார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் வழி தெரியவில்லை.

நாத்தனார் சொன்னது வேறு. சரியான அடியை நாமே எல்லா இடத்திலும் போட்டுவிடுவோம், வலக்கைப் பக்கம் என்று ஆயிரம் தரம் எழுதினால் மெஷின் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். போனை எடுத்து நீட்டினாள். முன்நடைக்காரி பாட வாயெடுத்தாள். முதல் அடி பாடினாள். நிறுத்திவிட்டாள்.

"அடுத்த புயலுக்கு ஓடை நகர்ந்துடும். அப்ப இந்த வலக்கையும் இப்படித்தான் உள்ள கெடக்கும். ஆளைக் கொல்ற பாட்டு ஒண்ணுக்கு ரெண்டா ஆயிடும்."

"அப்ப என்னதான் அண்ணி பண்ணச் சொல்றீங்க? எது சொன்னாலும் வேணாம். நீங்க கையெழுத்துப் போட்டுட்டு இப்ப என்னைக் கொடையிறீங்க."

"உன்னை எங்கடி கொடைஞ்சேன். பதினோரு வருஷமா முன்னாடி நடக்குறேன். போறப்ப தலையை எண்ணுவேன், வர்றப்ப எண்ணுவேன். ஒரு தலை கொறைஞ்சதில்ல. இப்ப இதைக் கேட்டுட்டு நடக்குறானே, அவனும் என் பின்னாடி வந்தவன்தான். என் குரலுக்குத்தானே காலெடுத்து வைக்கிறான். அந்தத் தலையை நான் எங்க நின்னு எண்ணுவேன்?"

நாத்தனார் வெந்த மட்டியைத் தட்டில் போட்டு அண்ணி பக்கம் தள்ளினாள். அவள் தொடவில்லை.

அதற்கடுத்த நாட்களில் முன்நடைக்காரி வரிசையில் பாடாமல் நடந்தாள். பெண்கள் தாங்களாகவே முணுமுணுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இரண்டு பேர் கால் பிசகிச் சேற்றில் முழங்கால்வரை இறங்கிவிட்டார்கள். வாய்க்காரி திரும்பி வருகிற வழியில் பக்கத்தில் வந்து, "அன்னைக்கி நான் சொன்னதை மனசுல வச்சுக்காதக்கா. நீ பாடாட்டி எனக்குக் காலு எங்க வைக்கிறதுன்னே தெரியல" என்றாள்.

சாயங்காலங்களில் முன்நடைக்காரி கரையில் போய் நின்றாள். வருகிறவர்களைத் தடுக்க முயன்றாள். சிலர் திரும்பினார்கள், சிலர் சிரித்துக்கொண்டே விலகிப் போனார்கள். தடுப்பதை விட்டுவிட்டு ஒரு நாள் அவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. யாராக இருந்தாலும் கரையில் நின்று கண்ணை இடுக்கித் தேடுவது ஒரு வெட்டு முளையைத்தான். அது ஒன்றுதான் கரையிலிருந்தே தெரியும். அதைக் கண்டதும் முகம் மலரும். போய்த் தொட்டுப் பார்ப்பார்கள், வெட்டை விரலால் தடவுவார்கள். பாட்டு சொன்னது உண்மை என்று அங்கேதான் நம்புகிறார்கள். அதற்கப்புறம் மூன்று வெட்டில் எந்தப் பக்கம் சொன்னாலும் போவார்கள்.

பொய்யான பாட்டுக்கு அவள் நட்ட முளைதான் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம், முதல் முளை இல்லை என்றால் மெஷின் என்ன சொல்லும் என்று கேட்கச் சொன்னாள். அது சொல்லிற்று: கவலை வேண்டாம், நேராக நடந்தால் இரண்டு வெட்டு முளையை அடையலாம். இரண்டும் இல்லை என்றால்? மூன்று வெட்டு முளையைத் தேடுங்கள். மூன்றும் இல்லை என்றால்? இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள்.

"பாத்தீங்களா, விடாது" என்றாள் நாத்தனார்.

"விடாதுதான். ஆனா அதுக்கு வாய் மட்டும்தானே இருக்கு. சேத்துல ஒரு குச்சி நடத் தெரியுமா அதுக்கு?"

பலகைக்காரர் கையிலிருந்த உளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மூன்று முளையையும் பிடுங்கினால் நம் பெண்கள் எப்படிப் போவார்கள் என்று கேட்டார். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு கூரைக்கடியில் கிடந்த, பலகை இழைத்து மிஞ்சின நீளச் சட்டங்களில் கனமில்லாததாக மூன்றைத் தேர்ந்தெடுத்து நுனி சீவ ஆரம்பித்தார்.

சேற்றிலிருந்து முளையைப் பிடுங்குவது லேசில்லை. இழுத்தால் வராது, கீழே காற்றுப் புக வழியில்லாததால் சேறு அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், ஆள்தான் அமுங்குவோம். பக்கவாட்டில் ஆட்டி, உண்டாகிற இடைவெளியில் வாளியால் தண்ணீர் ஊற்றி, மறுபடி ஆட்டி, மறுபடி ஊற்ற வேண்டும். தண்ணீர் அடிவரைக்கும் இறங்கியதும் பிடி விட்டுவிடும், பல் விழுகிறமாதிரி கையோடு வந்துவிடும். பெரிய இறக்கத்துக்கு முந்தின நாள் காலையில் பதினான்கு பெண்களும் சேர்ந்து மூன்று முளைகளையும் அப்படி எடுத்தார்கள். நான்கிலிருந்து ஏழுவரை இருந்தவற்றைத் தொடவில்லை. முதல் மூன்று இல்லாமல் அங்கே போய்ச் சேர முடியாது. மூன்று வெட்டு முளை இருந்த குழி கொஞ்ச நேரம் திறந்து கிடந்தது. அதைச் சுற்றிலும் இடதுபக்கம் போகும் தடங்கள். அவள் காலால் களிமண்ணைத் தள்ளி மூடினாள்.

நாத்தனார் அவள் பங்குக்கு ஒன்று செய்தாள். பதிவு மையத்துப் பெண்ணுக்கு மறுபடி எழுதி, பாட்டு இருந்த வெறும் பக்கத்தில் மூன்று வரி போடச் சொன்னாள். இந்தப் பாட்டு இன்ன மாதம் பதிவானது. இன்ன மாதப் புயலோடு இதன் வழி அழிந்துவிட்டது. இதைக் கேட்டு நடந்தால் மூழ்குவீர்கள். வழி என்ன என்பதை எழுதவில்லை. கட்டத்திலும் குறியை மாற்றினார்கள்: ஊராருக்கு மட்டும்.

மறுநாள் விடியும்போதே கரையில் நாற்பது பேருக்குமேல் நின்றார்கள். தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு தூரம் போய் அவள் பார்த்ததில்லை. காற்று அசையவில்லை. நாற்பது பைகளிலிருந்தும் அவள் குரல் பாடியது, ஒன்றுக்கொன்று கொஞ்சம் முந்தியும் பிந்தியும். ஒரு வெட்டில் மூச்சை வாங்கு, மூச்சை வாங்கு, மூச்சை வாங்கு. அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

வந்தவர்கள் கண்ணை இடுக்கித் தேடினார்கள். கரையிலிருந்து கடல்வரைக்கும் நிமிர்ந்து நிற்கிற பொருள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. போன்கள் நேராகப் போகச் சொல்லின. சிலர் போனார்கள். ஐம்பது அடியில் சேறு முழங்காலைப் பிடித்தது. முன்னால் பார்க்க ஒன்றுமில்லை, தொட ஒன்றுமில்லை. நின்றார்கள். போனைப் பார்த்தார்கள், வெளியைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்து கால் கழுவினார்கள். ஒருவன் எரிச்சலோடு, இங்கே ஒன்றுமே இல்லையே என்றான்.

முன்நடைக்காரி மூன்று சட்டங்களில் ஒன்றைத் தோளில் வைத்தாள். மற்ற இரண்டை வாய்க்காரியும் இன்னொருத்தியும் எடுத்துக்கொண்டார்கள். நின்றவர்களைப் பார்த்து, வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, போனை அணைத்துவிட்டு வரிசையில் சேரலாம், எங்களோடு போய் எங்களோடேயே திரும்ப வேண்டும் என்று சொன்னாள். ஏழு பேர் சேர்ந்தார்கள். தலையை எண்ணினாள். இருபத்திரண்டு. அத்தனை நாளைக்குப் பிறகு வாயைத் திறந்து முதல் அடியைப் பாடினாள். அந்த அடி அன்று காலை கட்டியது. வெட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

போகும்போது முதல் மூன்று இடத்திலும் சட்டத்தை நட்டார்கள். தண்ணீர் ஓடைக்கு வருவதற்கு முன்பே திரும்பினார்கள். வரும்போது கடைசி ஆள் தாண்டியதும் ஒவ்வொன்றையும் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள். ஒரு இறக்கத்துக்கு மட்டும் நிற்க வேண்டிய கம்பு என்பதால் ஆழம் வேண்டாம், ஒரு கையால் வந்துவிடுகிறது. கரையில் எண்ணியபோது இருபத்திரண்டு தலை இருந்தது.

அன்றிலிருந்து அங்கே முறை இதுதான்: முதல் மூன்று முளையையும் போகும்போது நடுவது, வரும்போது பிடுங்கிக் கையோடு கொண்டுவந்துவிடுவது; எந்தப் பதிவிலும் வழியைத் தொடங்கிவைக்கிற முதல் அடியைப் பாடாமல் விடுவது, பதிவு செய்த தேதியை வாயால் சொல்லிவிட்டு இரண்டாம் அடியிலிருந்து தொடங்குவது.